மீன் தொட்டி ஓவர்ஃப்ளோ: சத்தம், குமிழி, வழிதல் என்று வந்தால் எங்கே பார்ப்பது?

சம்ப் (கீழே வைக்கும் ஃபில்டர் தொட்டி) வைத்த தொட்டியில் ஏதாவது கோளாறு என்றால் பெரும்பாலானவர்கள் முதலில் பம்பைத்தான் திட்டுவார்கள். பம்ப் பாவம், தண்ணீரை மேலே தள்ளுவதோடு அதன் வேலை சரி. மேலே போன தண்ணீர் அதே வேகத்தில் கீழே இறங்கியாக வேண்டும். இறங்கும் வழியில் காற்று எங்கே புகுகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்று பார்த்தாலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

கணக்கு போடுவதற்கு வசதியாக ஒரு தொட்டியை வைத்துக்கொள்வோம். 4 அடி நீளம். அதாவது 120 × 45 × 45 செ.மீ., ஏறக்குறைய 240 லிட்டர். மூலையில் ஓவர்ஃப்ளோ பெட்டி, அதன் மேல் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி வெட்டு. பெட்டிக்குள்ளிருந்து 1 இன்ச் பிவிசி குழாய் கீழே கேபினெட்டில் இருக்கும் சம்புக்கு இறங்குகிறது. சம்ப் 60 × 30 செ.மீ.; தடுப்புக் கண்ணாடி வைத்து அறை அறையாகப் பிரித்தது. கடைசி அறையில் ரிட்டர்ன் பம்ப். உங்கள் அளவு வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

முதலில் மட்டங்களைப் பாருங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் ஸ்பேனரை எடுக்கும் முன் டார்ச்சை எடுங்கள். பார்க்க வேண்டியவை மேல் தொட்டியின் மட்டம், ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் மட்டம், சம்பில் தண்ணீர் விழும் அறை, பம்ப் இருக்கும் அறை.

மேல் தொட்டியும் பெட்டியும் ஏறி, பம்ப் அறை இறங்கியிருந்தால் வடிகால் குழாயில் அடைப்பு. மேல் தொட்டி ஏறியிருக்கிறது, பெட்டிக்குள் மட்டம் வழக்கம்போல அல்லது அதைவிடக் குறைவு என்றால் சீப்பு அடைத்திருக்கிறது. மேலே எல்லாம் சரியாக இருந்து, சம்பில் தண்ணீர் விழும் அறை ஏறி பம்ப் அறை இறங்கியிருந்தால் ஸ்பாஞ்சோ ஃபில்டர் வூலோ அழுக்கேறிவிட்டது. பம்ப் அறை ஏறி, மேலே விளிம்பில் வழியும் தண்ணீர் மெல்லிசாகிவிட்டால் பம்ப் சோர்ந்துவிட்டது. பம்ப் அறை மட்டும் இறங்கி மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், பெரும்பாலும் ஆவியாகிப் போன தண்ணீர்தான்.

இதற்கு உதவியாக, எல்லாம் சரியாக ஓடும் நாளில் பம்ப் அறைக் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர் இறங்கி நின்றபின் எங்கே நிற்கிறதோ அங்கே இன்னொரு கோடு. பிறகு எந்தச் சந்தேகம் வந்தாலும் இந்த இரண்டு கோடுகளை வைத்துத்தான் பேச்சு.

சம்புக்குள் கையை விடுவதற்கு முன் பம்ப், ஹீட்டர் இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஒயர் பிளக்குக்குப் போகும் வழியில் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். ஒயரோடு ஓடிவரும் சொட்டு அந்தத் தொங்கலில் விழுந்துவிடும், சாக்கெட்டுக்குப் போகாது. தொட்டி லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுவிடுங்கள்.

விட்டு விட்டு ‘களக்… களக்… உர்ர்ர்’ என்று இரைகிறது

ஒரு நிமிடம் அமைதி, திடீரென்று கழிவறை ஃப்ளஷ் மாதிரி உறிஞ்சும் சத்தம், மறுபடி அமைதி. பெட்டிக்குள் பார்த்தால் மட்டம் ஏறி ஏறி இறங்கும். குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பி சைஃபன் பிடிக்கிறது, அதாவது தண்ணீரைத் தானாகவே உறிஞ்சி இழுக்கிறது. பம்ப் அனுப்புவதைவிட வேகமாகப் பெட்டியைக் காலி செய்கிறது. மட்டம் குழாய் வாய்க்கு இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுகிறது. மறுபடி நிரம்புகிறது, மறுபடி பிடிக்கிறது.

உங்களிடம் இருப்பது எந்த வகைக் குழாய் என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

ஒரே குழாய், உச்சியில் ‘டி’ போட்டு, பக்கவாட்டில் கீழ்நோக்கிய எல்போ, மேலே எண்ட் கேப் என்றிருந்தால் அது டர்சோ. அதில் காற்றும் தண்ணீரும் சேர்ந்து இறங்க வேண்டும். காற்று வருவது கேப்பில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக. ஓட்டை போதாவிட்டால்தான் இந்த ஃப்ளஷ் சத்தம். அதற்காகப் பெரிய டிரில் பிட்டைப் போட்டுவிடாதீர்கள். ஓட்டை பெரிதானால் காற்று அதிகம் போய், குழாய்க்குள் தண்ணீர் அடித்து விழுந்து வேறு மாதிரி இரையும். ஏர் பம்ப் டியூபில் போடுவார்களே, அந்தச் சின்ன பிளாஸ்டிக் வால்வு, சில ரூபாய்தான். கேப்பில் ஓட்டை போட்டு ஒரு துண்டு ஏர் டியூபைச் செருகி, நுனியில் அந்த வால்வை மாட்டிவிடுங்கள். முழுக்கத் திறந்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் சத்தம் அடங்கும். கால் திருப்பு திருப்பியபின் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். மட்டம் நிலைக்க அவ்வளவு நேரம் ஆகும்.

1 இன்ச் டர்சோ மணிக்கு ஏறக்குறைய 1,000 லிட்டர் வரைதான் அமைதியாக இறக்கும். அதற்கு மேல் போனால் எந்த வால்வு வைத்தாலும் இரைச்சல் முழுக்கப் போகாது. அப்போது ஒன்று பம்பைக் குறையுங்கள், இல்லையென்றால் ஹெர்பிக்கு மாறுங்கள்.

ஹெர்பியில் இரண்டு குழாய். ஒன்று முழுக்க முழுக்கச் சைஃபன். அதன் கீழே வால்வு. இன்னொன்று உயரமாக நிற்கும் அவசரக் குழாய். 1 இன்ச் குழாய் காற்றே இல்லாமல் முழுச் சைஃபனாக ஓடினால் மணிக்கு 3,000 லிட்டரைத் தாராளமாக இறக்கும். அதனால் வால்வால் அதைக் கட்டுப்படுத்தி, பம்ப் அனுப்புவதற்குச் சமமாக்குகிறோம். வால்வை முழுக்கத் திறந்து பம்பைப் போடுங்கள். பெட்டிக்குள் மட்டம் இறங்கி உறிஞ்சத் தொடங்கும். இப்போது மெதுவாக மூடுங்கள். மட்டம் ஏறி அவசரக் குழாயின் வாயைத் தொட்டு, அதில் நூல் மாதிரி கொஞ்சமாக வழியும் நிலையில் விட்டுவிடுங்கள். அந்த நூல் வேண்டும். பம்பின் வேகம் லேசாக ஏறி இறங்கினால் சமாளிப்பது அதுதான். திருப்பியதும் பதினைந்து நிமிடம் வேறு வேலை பார்த்துவிட்டு வந்து பாருங்கள். பலர் இங்கேதான் பொறுமை இழந்து வால்வை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். அப்படிச் செய்தால் சரியான இடமே கிடைக்காது.

வால்வு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஹார்ட்வேர் கடையில் கேட் வால்வு கேட்டால் பித்தளையைத்தான் எடுத்துத் தருவார்கள். பித்தளையில் செம்பு உண்டு. இறால், நத்தை, கடல் தொட்டி உயிரினங்களுக்குச் செம்பு விஷம். பிவிசி கேட் வால்வு கிடைத்தால் அருமை, இல்லையென்றால் பிவிசி பால் வால்வு போதும். பால் வால்வில் நுணுக்கமாகத் திருப்புவது கஷ்டம், அவ்வளவுதான். அவசரக் குழாயில் எந்தக் காரணத்துக்காகவும் வால்வு போடாதீர்கள்.

ஹெர்பி பல வாரம் நன்றாக ஓடிவிட்டு, அவசரக் குழாயில் வழியும் தண்ணீர் தானாகவே அதிகமானால் வால்வுக்குள் பாசியும் வழவழப்பும் சேர்ந்திருக்கிறது. ஒருமுறை முழுக்கத் திறந்து அடித்துப் போகவிட்டு, பழைய இடத்துக்குக் கொண்டு வந்தால் சரியாகிவிடும்.

இடைவிடாத ‘சோ’ சத்தம்

இது காற்றுக் கோளாறு அல்ல, அருவி. பெட்டிக்குள் தண்ணீர் மட்டம் சீப்பு விளிம்பைவிட ரொம்பத் தாழ்ந்திருந்தால் வழியும் தண்ணீர் ஓர் அடி உயரத்திலிருந்து விழும். நிற்கும் குழாயை நீட்டி, விழும் உயரத்தை 3, 4 செ.மீ.-க்குள் கொண்டு வாருங்கள். கீழே சம்பிலும் குழாய் முனை தண்ணீருக்கு மேலே தொங்கினால் இதே சத்தம் வரும். முனை தண்ணீருக்குள் 2 செ.மீ. மூழ்கினால் போதும்.

‘ங்ங்ங்’ என்ற ரீங்காரம் என்றால் பம்ப் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அடியில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு, பம்புக்கும் பிவிசிக்கும் நடுவே அரை அடி சிலிகான் ஹோஸ்.

மேல் தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது

இதற்கு மட்டும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், அப்புறம் யோசிக்கலாம்.

சீப்பில் மாட்டுவது பெரும்பாலும் இலை. வாலிஸ்நேரியா வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: முற்றிய இலை ஒன்று ரிப்பன் மாதிரி அறுந்து மிதந்து வந்து, பத்து பல்லுக்குக் குறுக்கே ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் ஜாவா மாஸ் துணுக்கு, அதன் மேல் ஒரு செத்த மோலிக் குட்டி. பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றைத் தொட்டிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்குள் மாட்டுவது நத்தை. ஊசி ஊசியாக இருக்கும் மலேசிய நத்தைகள் பெட்டிக்குள் குடியேறிவிடும். குழாயின் எல்போவிலும் வால்விலும் சேரும். வால்வுக்குப் பக்கத்தில் ஒரு யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) போட்டிருந்தால் கழற்றிக் கழுவ ஐந்து நிமிடம். போடாதவர்கள் குழாயை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். குழாய் வாயில் பிளாஸ்டிக் வலை வைக்கலாமே என்று தோன்றும். வைக்கலாம், ஆனால் அந்த வலையையே வாரம் ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும்.

தொட்டியில் ஓட்டை போடாமல், விளிம்பில் மாட்டும் சைஃபன் பெட்டி என்றால் சந்தேகமே வேண்டாம், வளைந்த குழாயின் உச்சியில் காற்று சேர்ந்திருக்கிறது. ஓட்டம் மெதுவாக இருந்தால் குமிழிகள் அடித்துக்கொண்டு போகாமல் உச்சியில் ஒதுங்கி, ஒன்று சேர்ந்து பெரிதாகி, ஒரு நாள் சைஃபனை அறுத்துவிடும். பம்ப் நிற்காது. உறிஞ்சிக் காற்றை எடுத்து மறுபடி பிடிக்க வைக்கலாம். ஆனால் மறுபடி சேரும். என்னைக் கேட்டால், புதிதாகத் தொட்டி செய்பவர்கள் கண்ணாடிக் கடையிலேயே ஓட்டை போட்டு வாங்கிவிடுவது நல்லது. டஃபன் செய்த கண்ணாடியில் பிறகு ஓட்டை போட முடியாது, நொறுங்கிவிடும்.

வடிகால் அடைத்தாலும் வீடு நனையாமல் இருக்க ஒரு கணக்கு இருக்கிறது. பம்ப் அறையில் இருக்கும் தண்ணீர் முழுவதும் மேலே போனாலும் தொட்டி வழியக் கூடாது. 120 × 45 தொட்டியில் ஒவ்வொரு செ.மீ. உயரமும் 5.4 லிட்டர். மேல் விளிம்புக்கு 3 செ.மீ. இடைவெளி விட்டிருந்தால் 16 லிட்டருக்கு இடம் உண்டு. பம்ப் அறை 20 × 30, அதில் 20 செ.மீ. தண்ணீர் என்றால் 12 லிட்டர். பம்ப் வறண்டு கத்தும், ஆனால் தரை நனையாது. அந்தச் சத்தமே உங்களுக்கு அலாரம்.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்குவது, மொட்டைமாடி டேங்கிலிருந்து நேரடியாக லைன் இழுத்து பம்ப் அறையில் மிதவை வால்வு மாட்டுவது. வடிகால் அடைத்தால் பம்ப் அறை இறங்கும், மிதவை திறக்கும், பம்ப் அதையும் மேலே அனுப்பும். மாடி டேங்க் காலியாகும் வரை இது நிற்காது. தானாகத் தண்ணீர் நிரப்ப வேண்டுமென்றால் 10 லிட்டர் கேன் ஒன்றை வைத்து அதிலிருந்து எடுங்கள். போனால் 10 லிட்டரோடு போகும்.

கரண்ட் போனதும் சம்ப் வழிகிறது

பம்ப் நின்றதும் இரண்டு வழியில் தண்ணீர் கீழே வரும். ஒன்று, விளிம்புக்கு மேலே நின்ற தண்ணீர். 30 செ.மீ. விளிம்பில் பல்லெல்லாம் போக 15 செ.மீ. திறப்பு, மணிக்கு 1,500 லிட்டர் ஓட்டம் என்றால், விளிம்புக்கு மேல் ஏறக்குறைய 13 மி.மீ. தண்ணீர் நிற்கும். அது 7 லிட்டர். இதைத் தவிர்க்க முடியாது, சம்பில் இடம் விட்டுத்தான் ஆக வேண்டும்.

இரண்டாவதுதான் வில்லன். ரிட்டர்ன் குழாயின் முனை தண்ணீருக்குள் இருப்பதால், பம்ப் நின்றதும் அதுவே சைஃபனாகி, தொட்டித் தண்ணீரைப் பின்னோக்கி இழுக்கும். முனை விளிம்பிலிருந்து 4 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 21 லிட்டருக்கு மேல் இறங்கும். முதல் 7-ஐயும் சேர்த்தால் 28, 29 லிட்டர். 60 × 30 சம்பில் ஒரு செ.மீ.-க்கு 1.8 லிட்டர்தான் பிடிக்கும். ஆக 16 செ.மீ. காலி இடம் வேண்டும். யார் சம்பில் அவ்வளவு காலி இருக்கிறது?

முனையை உயர்த்துங்கள், மேற்பரப்பிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. ஆழம் போதும். அதோடு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ரிட்டர்ன் குழாயில் 3, 4 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். ஓட்டை கீழ்நோக்கிச் சாய்வாக இருக்கட்டும், இல்லாவிட்டால் விளக்கில் பீய்ச்சி அடிக்கும். பாசி இந்த ஓட்டையைத்தான் முதலில் அடைக்கும். தொட்டி சுத்தம் செய்யும்போதெல்லாம் ஒரு பல்குச்சியால் குத்திவிடுங்கள். நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருக்கிறேனே என்பவர்களுக்கு: அதன் மூடிக்கு நடுவே ஒரு நத்தை ஓட்டுத் துண்டு மாட்டினால் போதும், வால்வு இருந்தும் இல்லாததுதான். அதை மட்டும் நம்பாதீர்கள்.

மார்க்கர் கோடு போட்டீர்களே, நிற்கும்போதான கோடு சம்பின் விளிம்பிலிருந்து குறைந்தது 3 செ.மீ. கீழே இருக்க வேண்டும். ஆவியான தண்ணீரை ஈடுகட்டும்போது ஓடும் கோட்டுக்கு மேல் ஊற்றுவதுதான் பல வீடுகளில் நடக்கும் விபத்து. பம்ப் நின்றிருக்கும்போது ஊற்றாதீர்கள்.

கரண்ட் வந்தபின் சரியாக ஓடவில்லை

ஹெர்பி ஒன்றிரண்டு நிமிடம் இரைந்துவிட்டு அடங்கினால் அது இயல்பு. குழாயில் இருந்த காற்று வெளியேற நேரம் எடுக்கிறது. ஐந்து நிமிடமாகியும் அடங்கவில்லை, அவசரக் குழாய் முழுவேகத்தில் ஓடுகிறது என்றால், சம்பில் குழாய் முனை ரொம்ப ஆழத்தில் மூழ்கியிருக்கும். 10, 15 செ.மீ. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியே வர வேண்டியிருக்கிறது. முனையை அறுத்து 2 செ.மீ. ஆழத்துக்குக் கொண்டு வாருங்கள். வளையும் ஹோஸ் பயன்படுத்தியிருந்தால் அது நடுவில் தொய்ந்து மறுபடி ஏறுகிறதா என்று பாருங்கள்; ஏறும் இடத்தில் காற்று பூட்டிக்கொள்ளும்.

பம்ப் ‘ம்ம்’ என்று முனகுகிறது, சுற்றவில்லை என்றால் மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம், அல்லது இம்பெல்லரில் (பம்புக்குள் சுழலும் இறக்கை) உப்புப் படிந்திருக்கலாம். பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் பம்பை ஓட்டாதீர்கள், சூடாகும். கரண்ட் இல்லாத நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று போதும், மீன்கள் தாங்கும். பல மணி நேரம் நின்று சம்ப் தண்ணீர் நாற்றமடித்தால் அதை அப்படியே மேலே அனுப்பாமல் கொஞ்சத்தை இறைத்துக் கொட்டிவிட்டுப் போடுங்கள்.

தொட்டி முழுக்கப் பொடிக் குமிழி

புதுத் தண்ணீர் ஊற்றிய அன்று கண்ணாடியிலும் இலையிலும் குமிழி ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள், குழாய்த் தண்ணீரில் கரைந்திருந்த காற்று அது. ஒரு நாளில் போய்விடும்.

ரிட்டர்ன் முனையிலிருந்து புகை மாதிரி வந்தால், பம்ப் அறையைப் பாருங்கள். மட்டம் இறங்கி, பம்ப் வாய்க்கு மேலே சுழி தெரிகிறதா? தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. கோடையில் 4 அடி தொட்டியில் தினம் சில லிட்டர் ஆவியாவது சாதாரணம். 3 லிட்டர் போனால் மேலே ஒன்றும் தெரியாது, ஆனால் 20 × 30 அறையில் 5 செ.மீ. இறங்கிவிடும். மட்டம் சரியாக இருந்தும் குமிழி வந்தால், பம்போடு வந்த காற்றுக் குழாய்த் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால், விழும் அறையின் குமிழி அப்படியே கடந்து வருகிறது. தடுப்புக் கண்ணாடிகள் மூன்று வேண்டும்: மேலே வழிந்து, அடியில் நுழைந்து, மறுபடி மேலே வழியும்படி. கண்ணாடிகளுக்கு நடுவே 2.5 செ.மீ. இடைவெளி. அதற்கெல்லாம் இடமில்லையென்றால் நடுவில் ஒரு கனமான சொரசொர ஸ்பாஞ்ச் வையுங்கள், ஓரளவு பிடிக்கும்.

ஓட்டம் குறைந்துவிட்டது

எவ்வளவு குறைந்தது என்று முதலில் அளந்துவிடுங்கள். ரிட்டர்ன் முனையிலிருந்து 10 லிட்டர் வாளி நிரம்ப 20 விநாடி என்றால் மணிக்கு 1,800 லிட்டர். அட்டைப்பெட்டியில் 3,000 என்று போட்டிருக்கிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அது உயரமே இல்லாமல் ஓடும்போதான கணக்கு. அதே அட்டையில் அதிகபட்ச உயரம் 2.5 மீட்டர் என்றிருந்தால், அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது, அதில் பாதி உயரத்தில் ஏறக்குறைய பாதி வரும். ஒவ்வொரு எல்போவும் இன்னும் கொஞ்சம் தின்னும். 90 டிகிரிக்குப் பதில் 45 டிகிரி இரண்டு போட்டால் நல்லது. சம்ப் வழியாக மணிக்கு மூன்று முதல் ஐந்து முறை தொட்டித் தண்ணீர் சுற்றினால் நன்னீருக்குப் போதும்.

முன்பு நன்றாக வந்து இப்போது குறைந்திருந்தால் பம்பைக் கழற்றுங்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இம்பெல்லர் தண்டிலும் அறையிலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக அலசிப் போடுங்கள். பீங்கான் தண்டு ஜாக்கிரதை, பிடித்து இழுத்தால் ஒடிந்துவிடும்.

மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம்

சீப்பின் மேல்பகுதி அடைத்து, தண்ணீர் அடியிலிருக்கும் வெட்டு வழியாகப் போகிறது. மேலே இருக்கும் படலம் அப்படியே நிற்கிறது. பிரஷ் போட்டால் அரை மணியில் தெளியும். தெளியாவிட்டால் ரிட்டர்ன் முனையை மேற்பரப்பை நோக்கி, சீப்பின் திசையில் தள்ளுகிற மாதிரி திருப்புங்கள்.

டேங்க் நிப்பிளில் கசிவு

குழாயை மாட்டக் கண்ணாடி ஓட்டையில் போட்ட டேங்க் நிப்பிள் சொட்டினால் உடனே ஸ்பேனரால் முறுக்காதீர்கள், கண்ணாடி விரிசல் விட்டால் தொட்டியே போச்சு. வாஷர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். தலை உள்ள பக்கத்தில், கண்ணாடிக்கும் தலைக்கும் நடுவே, தண்ணீர் பக்கம் இருக்க வேண்டும். நட்டுப் பக்கம் போட்டிருந்தால் மரை வழியாகக் கசிந்துகொண்டேதான் இருக்கும். பெட்டியைக் காலி செய்து, வாஷரையும் கண்ணாடியையும் துடைத்து, கையால் முடிந்தவரை முறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று மட்டும். மேலே எம்-சீல் அப்புவது அடுத்த முறை கழற்ற முடியாமல் செய்யுமே தவிர கசிவை நிறுத்தாது. காய்ந்த டிஷ்யூ பேப்பரை அடியில் ஒட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பேப்பர் காய்ந்திருந்தால் வேலை முடிந்தது, ஈரமாக இருந்தால் வாஷர் தேய்ந்துவிட்டது, புதிது வாங்குங்கள்.